சிரிப்பும் ஒரு வெட்டி வேலை

"கொஞ்சம் சிரிங்கம்மா."

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழை விட்டுச் சில நாட்கள் ஆகியிருந்தன. வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படர்ந்து கிடந்தது. எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் கறுப்பாக ஒரு கோடு நின்றது. ஆற்றில் மீனவர்கள் பக்கெட்டாலும் மக்காலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நிவாரணப் பை கொடுக்க ஒரு கூட்டம் வந்தது. எந்தக் கூட்டம் என்று கேட்காதீர்கள், வந்த எல்லாக் கூட்டமும் அப்படித்தான் வந்தது. அரிசி, ஒரு போர்வை, பிஸ்கட். பையின் ஒரு காதைக் கொடுக்கிறவர் பிடித்திருக்கிறார், இன்னொரு காதை எழுபது வயசு ஆயா ஒன்று பிடித்திருக்கிறது. போட்டோக்காரப் பையன் சொன்னதுதான் மேலே இருக்கிற வார்த்தை. ஆயா சிரித்தது. கொடுத்தவரும் சிரித்தார். படம் எடுத்தாச்சு. பை கைக்கு வந்ததும் ஆயா யாரையும் பார்க்காமல், "வூடு பூரா எண்ணெ, மூஞ்சில இன்னாத்துக்குடா சிரிப்பு"ன்னு சொல்லிக்கொண்டே சந்துக்குள் போய்விட்டது.

அந்தப் படத்தில் இரண்டு சிரிப்பு இருக்கிறது. இரண்டும் மனசிலிருந்து வராத சிரிப்பு. இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர்தான்: பொய்ச்சிரிப்பு. எனக்கு இது பொறுக்கவில்லை. அந்த ஆயா சொன்னதும் பொய், அந்த ஆள் சொன்னதும் பொய் என்று ஒரே தராசில் வைக்கிற வார்த்தை யாருக்கு வேலை செய்கிறது?

இந்தக் கேள்வி சும்மா வந்ததில்லை. இந்த வருஷம் நம் மாணவத் தோழர் ஒருவர் ஒரு கட்டுரை எழுதித் திருத்தச் சொல்லிக் கொடுத்தார். நல்ல கோபமான கட்டுரை. அதில் ஒரு வரி: ஆண்டைகளுக்கு முன்னால் பல்லிளித்தே காலம் தள்ளியவர்கள் நம் முன்னோர்கள் என்று. 'பல்லிளித்தே' என்பதை அடித்தேன். அடித்துவிட்டேனே தவிர, அதன் இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'பொய்யாகச் சிரித்தே' என்று போட்டால் நம் தாத்தன் ஏமாற்றுக்காரன் ஆகிறான். 'அசடு வழிந்தே' என்றால் முட்டாள் ஆகிறான். 'பணிந்தே' என்று போட்டுத் தப்பிக்கலாம், ஆனால் அங்கே நடந்தது சிரிப்பு. சிரிப்பை மறைத்துவிட்டுப் பணிவு என்று எழுதினால் அது இன்னொரு பொய். கட்டுரை ஒரு மாசம் என் பையிலேயே கிடந்தது.

தமிழில் சிரிப்புக்குப் பஞ்சமா? புன்னகை, முறுவல், குறுநகை, இளநகை என்று ஒரு பட்டியல். இதெல்லாம் மேட்டுக்குடியின் உதட்டுக்கு. அசட்டுச் சிரிப்பு, இளிப்பு, பல்லிளிப்பு, பல்லைக் காட்டுதல், வழிசல் என்று இன்னொரு பட்டியல். இது யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் சிரித்தால் இதழ் விரிகிறது, நம்மாள் சிரித்தால் பல்லுதான் தெரிகிறது. ஆபீசர் காரியத்துக்காகச் சிரித்தால் அதற்கு 'சாமர்த்தியம்', 'ராஜதந்திரம்' என்று தனிப்பேர் இருக்கிறது. அதே காரியத்துக்காக லோடுமேன் சிரித்தால் இளிப்பு.

பழைய புத்தகங்களில் இருக்குமோ என்று பார்த்தேன். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாட்டில் முதலாவதாக நகையைத்தான் வைக்கிறார். நகை எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு இடம் காட்டுகிறார்: பிறரை எள்ளுவது, பிள்ளைத்தனம், பேதைமை, மடமை. அவ்வளவுதான். பயந்து சிரிப்பது அந்தக் கணக்கில் இல்லை. அச்சத்தைத் தனியாக வைத்திருக்கிறார். அது பிறக்கிற நான்கு இடங்களில் தெய்வம், விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு ஒருவனுடைய தலைவனையும் சேர்த்திருக்கிறார். ஆளுகிறவனைப் பார்த்தால் பயம் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பயத்தை உள்ளே வைத்துக்கொண்டு அவன் எதிரிலேயே ஒருத்தன் வாய்விட்டுச் சிரிக்க வேண்டியிருக்கும் என்பதுதான் இலக்கணத்தில் ஏறவில்லை. கழனியில் நின்றவனைக் கேட்டிருந்தால் ஐந்தாவது இடத்தைச் சொல்லியிருப்பான்.

வள்ளுவரும் இதைத் தொட்டிருக்கிறார். முகம் மட்டும் மலர்வதை நட்பாக ஏற்காதவர் அவர். முகத்தில் இனிமையாகச் சிரித்து உள்ளே கெடுதல் வைத்திருக்கும் வஞ்சகரைக் கண்டு அஞ்சச் சொல்கிறார். சரிதான். ஆனால் அங்கேயும் பொய்யாகச் சிரிப்பவன் வஞ்சகன், எதிரில் நிற்பவன் அப்பாவி. எங்கள் தெருவில் இது தலைகீழ். பொய்யாகச் சிரிக்கிறவன் கையில் ஒன்றுமே இல்லை, எதிரில் நிற்பவன் கையில்தான் அன்றைய சோறு இருக்கிறது.

இனி என் நைனாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது.

நைனா துறைமுகத்தில் நிலக்கரி லோடு ஏற்றியவர். வாரியத்தில் பதிவு பெற்ற தொழிலாளி இல்லை. 1948-இல் துறைமுகத் தொழிலாளர் வேலை முறைப்படுத்தல் சட்டம் வந்து, பதிவு பெற்றவர்களுக்கு முறை வைத்து வேலை, வேலை இல்லாத நாளுக்கும் ஏதோ ஒரு படி என்றெல்லாம் ஆனது. அந்தக் கோட்டுக்கு வெளியே நின்ற கூட்டம் ஒன்று எப்போதும் இருந்தது. காலையில் ஐந்தரைக்கு கேட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். மேஸ்திரி வருவார். நிற்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். பதினைந்து டோக்கன் இருக்கும், முப்பது பேர் நிற்பார்கள். மேஸ்திரி ஒரு தமாசு சொல்லுவார். முப்பது பேரும் சிரிப்பார்கள். அப்புறம்தான் டோக்கன்.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறங்கிய காலத்தை ராயபுரத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். உயர்நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரில் அது நிற்கும் வரை கொடியில் காயப்போட்ட வேட்டி வெள்ளையாகத் திரும்பி வந்ததில்லை. தெருவுக்கே அப்படி என்றால் அள்ளியவனுக்கு எப்படி? சாயங்காலம் நைனா வரும்போது முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியும்.

1987-இல் எனக்குப் பதினேழு வயசு. காலேஜில் சேர்ந்த புதுசு. ஒரு நாள் தூக்குச் சட்டியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டு நைனாவிடம், "இன்னாய்யா, புள்ள காலேஜ் போறானாமே. இவன் கலெக்டர் ஆயிட்டா நாளைக்கு கரி அள்ள நான் எங்க போயி ஆள் புடிக்கிறது?"ன்னார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நைனா. கறுத்த முகத்தில் அத்தனை பல்லும் தெரிய.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "அந்தாளு முன்னால இன்னாத்துக்கு நைனா அப்படி இளிக்கிற?"

நைனா பதில் சொல்லவில்லை. பம்படிக்குப் போய்ச் செங்கல் தூள் வைத்துப் பல்லைத் தேய்த்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து என் எதிரில் சிரிக்கும்போது மட்டும் தோள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்தது. அதை நான் கவனிக்கவே பல வருஷம் ஆனது. காரணம் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்று புரிய இன்னும் பல வருஷம்.

'இளி' என்ற வார்த்தை எங்கிருந்து என் வாய்க்கு வந்தது? ஸ்கூலில் வாத்தியார் எங்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. 'என்னடா இளிப்பு?' அதே தமிழில் இளிவு என்றால் அவமானம். இளிச்சவாயன் என்றால் ஏமாளி. அதாவது, சிரிக்க வைத்தவனுக்கு ஒரு பெயரும் இல்லை. சிரித்தவனுக்கு மட்டும் அசடு, அவமானம், ஏமாளி என்று மூன்று பட்டம். அந்த வார்த்தையைப் படித்த பிள்ளை நான் கொண்டுபோய் என் வீட்டுக்குள் எறிந்தேன். இன்றைக்கு நம் கூட்டங்களிலும் இளைஞர்கள் 'அடிமைப் புத்தி', 'பல்லிளிச்ச கூட்டம்' என்று தங்கள் அப்பன் ஆத்தாளைப் பற்றிப் பேசும்போது எனக்கு அந்தப் பம்படிதான் ஞாபகம் வருகிறது.

எது எந்தச் சிரிப்பு என்று பார்க்க எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. அந்தச் சிரிப்பை நிறுத்தினால் யாருக்கு நஷ்டம்? மேஸ்திரி தமாசு சொல்லாமல் உம்மென்று இருந்தாலும் அவர் மேஸ்திரிதான். நைனா ஒரு நாள் சிரிக்காமல் நின்றிருந்தால் அன்றைக்கு டோக்கன் இல்லை. நிவாரணப் பை கொடுத்தவர் சிரிக்காமல் கொடுத்திருந்தால் அவருக்கு ஒரு நல்ல போட்டோ போயிருக்கும். ஆயா சிரிக்காமல் நின்றிருந்தால், "அந்தம்மாவ கடைசில பாத்துக்கலாம்." இதுதான் வித்தியாசம். மனசில் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது அளவுகோலே இல்லை. மனசைப் பற்றி ஆராய்ச்சி செய்வதெல்லாம் வயிறு நிறைந்த பிறகு.

அப்படியானால் நைனாவின் சிரிப்பு என்ன? அது வேலை. நிலக்கரி அள்ளுவதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலை, கூலிக் கணக்கில் எழுதாத வேலை. கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்ய வேண்டிய வேலைக்குத் தமிழில் ஆயிரம் வருஷமாக ஒரு பெயர் இருக்கிறது.

வெட்டி.

இப்போது 'வெட்டியா இருக்கான்', 'வெட்டிப் பேச்சு' என்று சொல்கிறோமே அதே வார்த்தைதான். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' திரும்பத் திரும்ப வருகிறது. அதன் பொருள் வீண் என்பதில்லை. ஊருக்கும் அரசுக்கும் கொடுத்தே தீர வேண்டிய உழைப்பு அது. கல்வெட்டு வரிச் சொற்களை ஆராய்ந்த நொபொரு கராஷிமா போன்றவர்கள் இதைக் காட்டியிருக்கிறார்கள். வடமொழி 'விஷ்டி'தான் இப்படி ஆனது என்பார்கள். வார்த்தை எந்த வீட்டிலிருந்து வந்திருந்தாலும் சுமை இறங்கியது நம் தோளில். வாய்க்காலைப் பார்த்துக்கொள், தமுக்கடி, பிணத்தைச் சுடு என்று ஏவப்பட்டவனுக்கு வெட்டியான் என்று பெயர். தெலங்கானாவில் இதையே வெட்டிச் சாகிரி என்றார்கள். 1946-இல் தொடங்கி 1951 வரை நடந்த ஆயுதப் போராட்டத்தின் முக்கியமான கோபங்களில் ஒன்று அந்த வெட்டிச் சாகிரிமேல்தான்.

இந்த வார்த்தைக்கு நடந்த கதையைப் பாருங்கள். கூலி கொடுக்காமல் வாங்கிய உழைப்பு வெட்டி. கூலி இல்லாததால் அது மதிப்பில்லாத உழைப்பு ஆனது. மதிப்பில்லாததால் வீண் வேலை ஆனது. கடைசியில், கூலியில்லாமல் உழைத்தவன் பெயரே ஒரு வேலையும் செய்யாமல் சுற்றுகிறவனுக்குப் பெயராகிவிட்டது. திருடியவன் பெயர் வார்த்தையிலிருந்து கழன்று போச்சு, பறிகொடுத்தவன்மேல் மட்டும் ஒட்டிக்கொண்டது. 'இளிப்பு'க்கு நடந்ததும் இதேதான். அதனால்தான் இந்த இரண்டையும் சேர்க்கச் சொல்கிறேன்: வெட்டிச் சிரிப்பு. ஊர்க்காரன் காதுக்கு அது 'வீண் சிரிப்பு' என்றுதான் முதலில் கேட்கும். கேட்கட்டும். ஏன் அப்படிக் கேட்கிறது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இரண்டு வார்த்தையின் சரித்திரமும் சேர்ந்து வெளியே வரும்.

உடனே ஒருத்தர் கேட்பார் என்று தெரியும். கேட்டும் விட்டார், அவர் நம் இயக்கத்துக்கு வெளியே உள்ள ஒரு முற்போக்கு நண்பர். "உங்க அப்பாவ யாரும் கத்திய காட்டி சிரிக்கச் சொல்லலையே? அவரா சிரிச்சாரு. அதப் போய் கட்டாய உழைப்புன்னா எப்படி?"

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அண்ணல் தலைமையில் எழுதிய அரசியல் சட்டத்தில் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை செய்த தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை என்று ஒரு வழக்கு. 1982-இல் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பி.என். பகவதி. பலவந்தம் என்பது உடம்பைத் தொட்டுச் செய்வது மட்டுமில்லை, பசியும் வறுமையும் வேறு வழி இல்லாமல் செய்வதும் பலவந்தம்தான் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. தானாக ஒத்துக்கொண்டு வந்தவன்தானே என்ற வாதம் அங்கே செல்லவில்லை. கல் சுமந்தவனுக்குப் பொருந்துவது சிரித்தவனுக்குப் பொருந்தாதா? முப்பது பேருக்குப் பதினைந்து டோக்கன் என்பது கத்தி இல்லையா?

இன்னொரு பக்கம் மேல்நாட்டில், சிரிப்பும் உழைப்புதான் என்று எப்போதோ எழுதிவிட்டார்கள். அர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை வைத்து 1983-இல் ஒரு புத்தகமே போட்டார். உணர்ச்சியை விற்கிற உழைப்பு என்றார். நல்ல புத்தகம். ஆனால் விமானப் பணிப்பெண்ணுக்குச் சிரிப்பு வேலையின் பகுதி என்று முதலாளி ஒத்துக்கொள்கிறான், சம்பளத்தில் அதற்கு ஒரு மூலையில் இடம் இருக்கிறது. இன்றைக்கு நம் தெருப் பெண்பிள்ளைகள் மாலில் நின்று சிரிக்கிறார்கள், பையன்கள் சோற்றுப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு அஞ்சு ஸ்டாருக்காகச் சிரிக்கிறார்கள். அவர்கள் ரெண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். மேஸ்திரி முன்னால் சிரித்ததற்கு அந்த மூலைகூடக் கிடையாது. அதனால்தான் 'உணர்ச்சி உழைப்பு' எனக்குப் போதவில்லை, 'வெட்டி' வேண்டியிருக்கிறது.

இதைவிட நெருக்கமாக எனக்குப் பட்டது பிரெஞ்சுக்காரர்கள் கதை. பனானியா என்று ஒரு கொக்கோ மாவு. 1915-இலிருந்து அதன் விளம்பரத்தில் செனகல் நாட்டுக் கறுப்புச் சிப்பாய் ஒருவன் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பான். பிரான்சுக்காகச் சண்டை போட்டுச் செத்தவர்கள் அந்தச் சிப்பாய்கள், சுவரில் மட்டும் அவர்கள் மாவு டப்பாவைப் பார்த்துச் சிரிக்கும் வெகுளிகள். செங்கோர் 1948-இல் வெளிவந்த தன் கவிதைத் தொகுப்பில் அந்தச் சுவரொட்டிச் சிரிப்பின்மேல் தன் கோபத்தை எழுதினார். ஃபனான் 1952-இல் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலில் அதே விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப இழுத்து வந்து நிறுத்துகிறார். பிரெஞ்சில் அதற்குப் பிறகு 'பனானியாச் சிரிப்பு' என்றாலே போதும், விளங்கிவிடும். நான் கவனித்தது இதுதான்: அவர்கள் வைத்த பெயரில் சிப்பாயின் பல் இல்லை, கம்பெனியின் பெயர் இருக்கிறது.

நைனாவின் கறுத்த முகத்தையும் பல்லையும் பற்றி மேலே எழுதும்போது எனக்குக் கை கூசியது. நானும் ஒரு சுவரொட்டி ஒட்டிவிட்டேனோ என்று. அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், பார்த்தது அதுதான் என்பதால்.

மேலே உள்ளவனின் சிரிப்புக்கு என்ன பெயர்? இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் அந்தச் சிரிப்பு பார்க்க அழகாக இருக்கும். 1998-இல் கல்யாணம் ஆன புதுசில் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், நகரத்தின் தெற்குப் பக்கம், வாடகை வீடு தேடினேன். வீட்டுக்காரர் நல்லாச் சிரித்தார். காப்பி கொடுத்தார். "இப்ப எங்க இருக்கீங்க?" "ராயபுரம் சார்." சிரிப்பு மாறவில்லை. "அங்கயே சொந்த ஊரா? அதுக்கு முன்னாடி?" சிரிப்பு மாறவில்லை. "நாங்க எல்லாம் ஒண்ணும் பாக்கறதில்லீங்க. சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கார், அவர்கிட்ட கேட்டுட்டு சொல்லி அனுப்பறேன்." வாசல் வரை சிரித்துக்கொண்டே வந்தார். இப்படிப் பதினோரு வீடு. ஒருத்தராவது முகத்தைச் சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சிரிப்போடு சண்டை போட முடியவில்லை, அதற்கு சாட்சி வைக்க முடியவில்லை, எந்தச் சட்டத்தின் கீழும் புகார் எழுத முடியவில்லை.

இதற்குப் பெயர் கொடுத்தது காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா. (மீனவர் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவிலும் ஒரு சிரிப்பு உண்டு. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதியே ஆக வேண்டும்.) வீடு தேடிய கதையைச் சொன்னேன். அக்கா மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, "ஐஸ்ல போட்ட மீனு தம்பி அது. வாய தொறந்துனு பளபளன்னுதான் கெடக்கும். நீ வாய ஏன் பாக்குற? கண்ண பாரு, செவுள தூக்கிப் பாரு"ன்னுச்சு. காரியத்துக்காகப் புகழ்வதை 'ஐஸ் வைக்கிறது' என்று எல்லாரும் சொல்கிறோம். அந்த அக்கா சொன்னது அதில்லை, கெட்டது தெரியாமல் இருக்கப் போடுகிற ஐஸ். கண்ணைப் பார் என்றதும் சரியான விஞ்ஞானம்தான். 1862-லேயே துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர், நிஜமான சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் அசையும், அது நாம் ஏவினால் அசையாது என்று எழுதிவைத்தார். வாய்க்குக் கட்டளை போடலாம், கண்ணுக்குப் போட முடியாது. ஆனால் துஷேனின் அளவுகோலை வைத்தால் நைனாவும் வீட்டுக்காரரும் ஒரே பெட்டிக்குள் விழுவார்கள். அதனால் அவரை மருத்துவத்தோடு விட்டுவிட்டு, அக்காவிடமிருந்து வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டேன்: ஐஸ்மீன் சிரிப்பு.

சிரிக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பதினோராம் வகுப்பு அரசியல் பாடப் புத்தகத்தில் சங்கர் 1949-இல் வரைந்த கார்ட்டூன். அரசியல் சட்டம் என்கிற நத்தைமேல் அண்ணல் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சவுக்கோடு நிற்கிறார். நாடாளுமன்றத்தில் தோழர் திருமாவளவன் உள்ளிட்டோர் அதை எழுப்பினார்கள். நாடு முழுக்க எழுதினார்கள், பேசினார்கள். என்ன சொன்னார்கள்? தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை. அம்பேத்கரே இதைப் பார்த்துச் சிரித்திருப்பார். புனேயில் பாடநூல் ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் புகுந்து உடைத்தது எனக்கு உடன்பாடில்லாத காரியம். கார்ட்டூனை நீக்கியது சரியா என்பதிலும் நமக்குள் அன்றைக்கு இரண்டு கருத்து இருந்தது. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது நடுவில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளை என்ன செய்யும்? அதுவும் சிரிக்கும். அந்தப் பிள்ளையிடம்தான் அவர்கள் நகைச்சுவை உணர்வு கேட்டார்கள். உன்னமதி சியாம சுந்தர் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் அண்ணலைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கார்ட்டூன்களைத் தேடித் தொகுத்து 2019-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதைப் புரட்டினால் தெரியும், முப்பதுகளில் தொடங்கி அண்ணல் கண்மூடும் வரை அவரை எப்படியெல்லாம் சிறுத்துப் போட்டு நாட்டைச் சிரிக்க வைத்தார்கள் என்று.

அந்த நாற்பதில் ஒரு பிள்ளை நான்தான். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் (2020-இல் மூடிவிட்டார்கள்) நான் பார்த்த எத்தனையோ படத்தில் காமெடியனும் கேடியும் மட்டும்தான் எங்கள் பாஷை பேசுவார்கள். 'இன்னா', 'கஸ்மாலம்' என்று திரையில் வந்ததும் தியேட்டரே சிரிக்கும். எங்கள் பாஷைக்கு நாங்களே துட்டு கொடுத்துச் சிரித்துவிட்டு வந்தோம். பிறகு வேலைக்குப் போன இடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் 'கோட்டா' ஜோக் சொல்லுவார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார்கள். நான் சிரித்தேன். டிகிரி முடித்தவன், புத்தகம் படித்தவன், நைனாவைக் கேள்வி கேட்டவன், ஐந்து வருஷம் சிரித்தேன். நைனாவுக்கு டோக்கன். எனக்கு என்ன போயிருக்கும்? ஒரு ப்ரமோஷன், நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

நம் எழுத்தில் வேறு மாதிரிச் சிரிப்பும் பதிவாகியிருக்கிறது. பாமா 1996-இல் 'கிசும்புக்காரன்' தொகுப்பைக் கொண்டுவந்தபோது, ஆண்டை மிரண்டு போகிற மாதிரி வாயடிக்கிற நம் ஆட்கள் புத்தகத்துக்குள் வந்தார்கள். 2024 நவம்பரில் மறைந்த ராஜ் கௌதமன் ஆராய்ச்சியையே நக்கலோடு எழுதலாம் என்று காட்டினார். கூத்தில் கட்டியக்காரன் ராஜாவுக்குக் கட்டியம் சொல்கிற சாக்கில் ராஜாவையே ஓட்டுவான். இதையெல்லாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் கிசும்பு செய்ய முடிந்த நாளைக் கணக்கெடுத்தோம், முடியாமல் சிரித்த நாளைக் கணக்கில் விட்டுவிட்டோம். வருஷத்தில் எது அதிகம்?

போன மாதம் திருவொற்றியூரில் நம் வாசிப்பு வட்டத்தில் இந்த இரண்டு வார்த்தையையும் வைத்துப் பேசினேன். பேசி முடித்ததும் ஒரு பெண் தோழர் எழுந்தார். "தோழர், போன கூட்டத்துல டீ யாரு போடறதுன்னு ஒரு ஜோக் சொன்னீங்க. நாங்க நாலு பேரும் சிரிச்சோம். அது எந்தக் கணக்கு?"

நான் சிரித்தேன்.

"இப்ப நீங்க சிரிக்கிறது எந்தக் கணக்கு?"

கூட்டம் அடங்கிப் போச்சு. அவர் விடவில்லை. "நீங்கதானே சொன்னீங்க, நிறுத்தினா யாருக்கு நஷ்டம்னு பாருன்னு. நாங்க அன்னிக்கு சிரிக்கலன்னா அடுத்த கூட்டத்துக்கு போன் வராது. அந்தப் பொண்ணு எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு வரும்பீங்க. எங்க வூட்டு ஆம்பளைங்க முன்னால, தெருவுல, இங்க, மூணு எடத்துலயும் வெட்டிதான்." சேர்மேன், மேஸ்திரி, வீட்டுக்காரர் என்று நான் அடுக்கிய வரிசையில் என்னையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார். அந்த ஜோக் எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லாமல் இருக்க முடிவதே எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதற்கு அத்தாட்சி. அன்றைக்கு டீ நான் போட்டேன். அதையும் இரண்டு தோழர்கள் போட்டோ எடுத்தார்கள்.

மாணவத் தோழரின் கட்டுரையில் 'ஆண்டைகள் வாங்கிய வெட்டிச் சிரிப்பு' என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் ஒத்துக்கொண்டாரா என்பது அடுத்த இதழில் தெரியும்.

நைனாவைப் பற்றி மீதி ஒன்று இருக்கிறது. அவர் வேலையை விட்டு ஆறேழு வருஷம் கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பத்திரிகை, பேத்திக்குக் கல்யாணம். அப்படியே இன்னொரு விஷயம்: அவர் பையன் வார்டு எலெக்‌ஷனில் நிற்கிறான், எங்கள் தெருவில் நைனா பேச்சை நாலு பேர் கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நின்று ஒரு தமாசு சொன்னார். பழைய தமாசுதான், கரி அள்ளுகிற தமாசு. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நைனா கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை, சிரிக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. "ஒக்காருங்க, டீ சாப்டு போங்க"ன்னார். மேஸ்திரி டீயைக் குடித்து முடிக்கும் வரை இன்னும் இரண்டு தடவை சிரித்தார். நைனா பத்திரிகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா கேட்டது: "இன்னாய்யா, அந்தாளு அவ்ளோ சிரிக்கிறாரு, நீ உம்முனு குந்தினுகிற?"

"டோக்கன் இருந்துச்சா அவன் கைல?"ன்னு கேட்டுவிட்டு நைனா சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவும் சிரித்தது. நான் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். துண்டு தோளிலேயே இருந்தது.